அடைப்பு

"மூச்சு விடாத, தெசா! கொஞ்ச நேரம் மூச்சு விடாம இரு!"

கையில் ஒரு துண்டு மெழுகுவத்தியை ஏந்திக்கொண்டு விதோமிர் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவார். சாயாவிட்டால் முகத்தில் ஏமாற்றம் தெரியும். சமையலறை வாசலில் மாவுக் கையோடு நிற்கும் அவர் மனைவி தெசாங்காவின் மூச்சு அறையைக் கடந்து வந்து சுடரை ஆட்டிவிடுகிறதாம். அதனால் கோடு தப்பாக விழுகிறதாம்.

"நான் மூச்சு விடாம இருக்கணும்னா போன பிப்ரவரியிலேயே இருந்திருப்பேன். டாக்டருங்க அவ்வளவு பாடுபட்டு விட வெச்சிருக்காங்க. விடத்தான் செய்வேன்" என்று சொல்லி, வேண்டுமென்றே ஒரு பெருமூச்சு விட்டாள் தெசாங்கா. சுடர் அணைந்தது. விதோமிர் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார்.

ஆள் ஒல்லி, உயரம். மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். கழுத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒன்று இரண்டு முடிச்சு போட்டுக் கிடக்கும். டிசம்பரில் கிடந்தால் பரவாயில்லை, ஆகஸ்டிலும் கிடக்கும். கல்யாணப் படத்தில் டையின் மேல் கிடக்கிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் அதைக் கழற்றச் சொன்னபோது, "படத்துல தெரிஞ்சா தெரியட்டும், நான் என்ன அழகிப் போட்டிக்கா வந்திருக்கேன்?" என்று கேட்டவர் அவர். பிரொமாயா கழுத்து வழியாகத்தான் ஆளுக்குள் நுழையும் என்பது அவர் கொள்கை.

ஒரு பக்கத்து இடுக்கில் நுழைந்து மறுபக்கத்து இடுக்கில் வெளியேறும் காற்றுக்குத்தான் பிரொமாயா என்று பெயர். அவர்கள் இருக்கும் கோவின் என்ற ஊரில் அதற்குப் பயப்படாதவர் கிடையாது. மற்றவர்கள் பாம்புக்குப் பயப்படுவது போல, கண்டால் ஒதுங்கிப் போவார்கள். விதோமிர் தடியை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். நாற்பது டிகிரி வெயிலில் பேருந்தில் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் எழுந்துபோய் ஒன்றைச் சாத்துவார். வேர்த்து வடிகிற ஜனங்கள் திட்டுவார்கள். "நாளைக்குக் காது வலிச்சா என்னைக் கும்பிடுவீங்க" என்பார். பல் வலி, மூட்டு வலி, பக்கத்துத் தெருக்காரனின் கோணிப்போன வாய், தன் மகன் கணக்கில் தோற்றது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். தொண்ணூற்றிரண்டு வயதில் செத்த ஒரு கிழவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஜன்னலோரம் உட்காராதீங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன், கேட்டாரா?" என்று உச்சுக்கொட்டினார். கிழவரின் பெண்டாட்டியே அழுகையை நிறுத்திவிட்டு முறைத்துப் பார்த்தாள்.

வேலை பார்த்தது டான்யூப் ஆற்றில், மணல் அள்ளும் கப்பலில். கப்பலில் ஓர் இடுக்கைக் கவனிக்காமல் விட்டால் கப்பல் போச்சு. கீல் பூசி, கயிறு திணித்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வு பெற்று வந்த மனுஷர் அந்தக் கணக்கை அப்படியே வீட்டுக்கும் போட்டுவிட்டார். "தண்ணியாவது கண்ணுக்குத் தெரியும். காத்து தெரியாது. சொல்லிட்டும் வராது. மயிரிழை கிடைச்சாப் போதும் அதுக்கு" என்பார். இவர் கட்டியிருக்கும் வீடு கரையில், தரையில், ஆலங்கட்டி மழைக்கும் அசையாத மண்சுவரோடு நிற்கிறது என்று தெசாங்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் நாலாவது காலை யார் காட்டுவது?

ஆனால் இந்த வருஷம் அவர் அடைப்பது வழக்கமான அடைப்பு இல்லை. அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர் மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.

காரணம், போன வருஷம் டிசம்பரில் அவர்கள் வீட்டு ஸ்லாவா அன்று நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அவருக்கென்று வருஷத்தில் ஒரு நாள். இவர்களுக்கு நிக்கோலா, ஆற்றில் பிழைப்பவர்களின் காவலர். காலையில் வீட்டுக்காரர் கையால் தேன்மெழுகு மெழுகுவத்தியை ஏற்றினால், இரவு அவரே ஒரு சொட்டுச் சிவப்பு ஒயின் விட்டு அணைக்கும்வரை அது எரிய வேண்டும். இடையில் தானாக அணைந்தால் அந்த வீட்டில் ஓர் ஆள் குறையும் என்பார்கள். போன வருஷம் நடுப்பகலில், விதோமிரின் தங்கை ஸ்டானியா மீன் தட்டோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு காற்று அறையைக் கடந்து கதவுக்கு ஓடியது. அவ்வளவுதான், மெழுகுவத்தி அணைந்துவிட்டது. வந்திருந்த அத்தனை பேரும் புகைகிற திரியைப் பார்த்தார்கள். ஸ்டானியா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, யாருக்கோ?" என்றாள். பொத்திய வாயிலிருந்து வந்தாலும் தெளிவாகத்தான் கேட்டது.

பிப்ரவரியில் தெசாங்கா துணி காயப்போட்ட இடத்திலேயே சரிந்தாள். மாரடைப்பு. பெல்கிரேடுக்குக் கொண்டுபோய், இருதயக் குழாயில் சுருள் வைத்து அனுப்பினார்கள். ஸ்லாவா முடிந்த மறுவாரம் மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

"நாப்பது வருஷமா பன்னிக் கொழுப்பைப் பொரிச்சுத் தின்னதுக்கு வந்த வியாதி இது. மெழுகுவத்திக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவள் கேட்பாள். விதோமிர் செவிடாகிவிடுவார். உண்மையில், ஆம்புலன்ஸில் படுத்துப் போகும்போது அவள் கண்ணுக்குள் முதலில் வந்ததும் அந்தப் புகைகிற திரிதான். அப்படி வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இன்றுவரை விதோமிர் தலையில் விடிகிறது.

அக்டோபரிலேயே அவர் ஒரு சுற்று அடைத்துப் பார்த்தார். கடைக்காரன் கொடுத்த ஏதோ வெள்ளைப் பசையைப் பிதுக்கி ஜன்னலைச் சுற்றிப் பூசினார். அது காய்வதற்குள் முதல் பனி விழுந்தது. பசை உறைந்து வெடித்து, அடுத்து வந்த மழையில் கரைந்து, சுவர் நெடுக வெள்ளைக் கோடுகளாக வழிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, "வீடு எதுக்கு அழுவுது, விதோ?" என்று கேட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதை ஒரு வாரம் சுரண்டினார். ஜன்னலின் பழைய பெயிண்ட்டும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

பிறகு யாரோ சொன்னார்கள், குளிரில் பூசுவதற்கு சிலிக்கான் பசைதான் சரி, ஆனால் அது வரும் குழல் சூடாக இருக்க வேண்டும், பூசும் இடம் உலர்ந்திருக்க வேண்டும் என்று. சொன்னவன் நாசமாய்ப் போக. அன்று இரவிலிருந்து சிலிக்கான் குழல்கள் அவர்கள் கட்டிலில் படுக்க ஆரம்பித்தன.

"யோவ், இது என்ன, முதுகுல குத்துது?"

"குத்தாது. ஒருக்களிச்சுப் படு. குளிர்ல வெச்சா கல்லாயிடும், பசை பிதுக்குற துப்பாக்கியில வெச்சு அமுக்கினா வெளியவே வராது."

"நாப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளாவது என் கால் சில்லுனு இருக்கேன்னு கேட்டிருக்கியா? குழலுக்குப் போர்வை போத்துற!"

"உனக்கு உடம்புல ரத்தம் ஓடுது. அதுக்கு ஓடலையே" என்று சொல்லிவிட்டு, குழல்களின் மேல் போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெசாங்கா கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள். குறட்டை மட்டும் எந்த இடுக்கும் இல்லாமல் ஒரே சீராக வந்தது.

ஸ்லாவாவுக்கு இரண்டு நாள் முன்னால் கோஷாவா தொடங்கியது. ஆற்றின் மேலிருந்து வரும் அந்தக் காற்று தொடங்கினால் நாய்கூடக் குரைக்க வாயைத் திறக்காது. ஆற்றுப்பக்கம் பார்த்த பெரிய ஜன்னலில் விதோமிரின் துண்டு மெழுகுவத்தி சாய்ந்ததோடு நிற்காமல், வரிசையாக அணைந்துகொண்டே வந்தது. அந்த ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில்தான் நிக்கோலாவின் படம், அதன் கீழேதான் ஸ்லாவா மெழுகுவத்தி நிற்கும் மேஜை.

"ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கி மெழுகுவத்தி மேல கவுத்துடு. வேலை முடிஞ்சுது" என்றாள் தெசாங்கா.

"புனிதரோட மெழுகுவத்தியை ஜெயில்ல போடச் சொல்றியா?"

"அப்ப எங்களை மட்டும் போடலாமா?"

 விதோமிருக்குச் செவிடு திரும்ப வந்துவிட்டது.

மறுநாள், பண்டிகைக்கு முந்தின நாள், வெளியே சுழியத்துக்குக் கீழே நாலு டிகிரி. அன்றைக்குத்தான் புனிதருக்குப் படைக்கும் ரொட்டி சுட வேண்டும். விரத காலமாகையால் பாலும் முட்டையும் இல்லாமல் மாவு பொங்க வேண்டும். அடுப்பு ஓரத்துச் சூட்டை விட்டால் பொங்காது. தெசாங்கா மாவுச் சட்டியை ஈரத்துணி போட்டு மூடி அங்கே வைத்துவிட்டு, பீன்ஸ் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள், சட்டி ஜில்லிட்ட பாத்திரம் கழுவும் தொட்டியில் உட்கார்ந்திருந்தது. அடுப்போரத்தில் சிலிக்கான் குழல்கள் வரிசையாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தன.

"இதை எடுக்கிறியா, இல்ல உள்ள போட்டு எரிக்கட்டுமா?"

"தெசா, மாவு ஒரு மணி நேரம் பொறுக்கும். சிலிக்கான் பொறுக்காது."

"புனிதருக்கு ரொட்டி வெப்பியா, சிலிக்கான் வெப்பியா? பாதிரியார் வந்து இதுல ஒயின் ஊத்துவாரா?"

கடைசியில் மாவு அடுப்போரத்துக்குத் திரும்பியது. குழல்கள் விதோமிரின் சட்டைக்குள், அக்குளுக்கு ஒன்றாகப் போயின. கைகளை அகட்டி வைத்துக்கொண்டு பொம்மை போல வெளியே நடந்தார். பின்னாலேயே தெசாங்காவின் தலைமுடி உலர்த்தும் மெஷின் போனது. அதன் ஒயர் போனது. ஸ்லாவா விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த, ரக்கியா என்னும் பிளம் சாராய பாட்டிலும் போனது.

ஏணியைப் பிடிக்க வா என்று அவளைக் கூப்பிடவில்லை. இருதயக்காரி குளிரில் நிற்கக் கூடாதாம். ஏணியை முற்றத்துப் பிளம் மரத்தோடு சேர்த்துக் கப்பல்காரன் முடிச்சாகப் போட்டுக் கட்டினார். காற்றில் மரம் ஆடியது, மரத்தோடு ஏணி ஆடியது, ஏணியோடு அவர் ஆடினார். கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த தெசாங்காவுக்கு டாக்டர் தடை செய்திருந்த படபடப்பு அத்தனையும் அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

அவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். முதலில் சட்டத்தில் படிந்திருந்த பனியைச் சுரண்டினார். மெஷினால் சூடான காற்று அடித்து மரத்தை உலர்த்தினார். குழலின் மூக்கைச் சாய்வாக வெட்டி, அக்குளிலிருந்து எடுத்த சூட்டோடு துப்பாக்கியில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். சிலிக்கான் ஒரு புழுவாக ஊர்ந்து வந்தது. சட்டமும் சுவரும் சேரும் இடம், சட்டமும் கதவும் சேரும் இடம், கண்ணாடியும் மரமும் சேரும் இடம், ஒன்றையும் விடவில்லை. மேலே தேய்த்து வழவழப்பாக்க விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் உறைந்துவிட்டது. அதற்குத்தான் ரக்கியா. அதில் விரலை நனைத்துத் தேய்ப்பார். பிறகு அந்த விரலை என்ன செய்வது? வாயில் வைத்துக்கொள்வார். நாலாவது பக்கம் முடியும்போது பாட்டில் பாதி காலி. எவ்வளவு சட்டத்துக்குப் போனது, எவ்வளவு அவருக்குப் போனது என்பது நிக்கோலாவுக்கே வெளிச்சம்.

"காத்து சொல்லிட்டு வராதுன்னு சொல்றியே, ஸ்லாவாவுக்கு வர்ற ஜனமும் சொல்லிட்டு வராது. அவங்களுக்கு எதை ஊத்துவேன்? சோப்புத் தண்ணியையா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள். கண்ணாடிக்கு வெளியே அவர் காதைத் தொட்டுக் காட்டினார். கேட்கவில்லையாம். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கட்டை விரலைத் தூக்கினார். அவள் குரலே நுழையவில்லை என்றால் காற்றும் நுழையாதே, அடைப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே வந்து முன்கதவின் விளிம்பிலும் ரப்பர் பட்டை ஒட்டினார். சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தார். வீடு முழுக்கக் காடி நாற்றம். இந்தச் சிலிக்கான் காயும்போது அப்படித்தான் நாறும்.

"டாக்டர் என் அடைப்பை எடுத்தார். நீ வீட்டுக்கு அடைப்பு போட்டுட்ட" என்றாள் தெசாங்கா.

"அது வேற அடைப்பு" என்றார் விதோமிர். சிரிக்கவில்லை.

ஸ்லாவா அன்று காலையில் அவர் மெழுகுவத்தியை ஏற்றினார். பாதிரியார் வந்து ரொட்டியைச் சுழற்றி, ஒயின் ஊற்றி, பாடிவிட்டுப் போனார். சுடர் ஆணி அடித்தது போல நின்றது. வெளியே கோஷாவா கூரை ஓடுகளைப் பிய்க்கப் பார்த்தது. உள்ளே திரைச்சீலைகூட அசையவில்லை. விதோமிர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கழுத்துத் துண்டை நீவிக்கொண்டு, வருகிறவர் ஒவ்வொருவரையும் கோட்டைக் கழற்றும் முன்னே மூலைக்கு அழைத்துப்போய்ச் சுடரைக் காட்டினார். ஸ்லாவா நாளில் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. அவருக்கு உட்காரும் எண்ணமும் இல்லை. மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார்.

கல்யாணத்தில் சாட்சி நின்ற குவோஸ்தென் வந்தார். அப்படிச் சாட்சி நின்றவருக்குக் கூம் என்று பெயர், அவரும் திருப்பி அப்படியே கூப்பிடுவார். கூடப் பிறந்தவனைவிட உரிமை அதிகம். அந்த உரிமையில் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"கூம், இது வீடா, ஊறுகாய் ஜாடியா? காடி வாடை அடிக்குது, மூடியும் இறுக்கமா இருக்குது. உப்பு போட்டாச்சா?"

"சிரி, கூம், சிரி. சுடரைப் பாரு முதல்ல."

"பார்த்தேன். நல்லாத்தான் நிக்குது. அதுவும் வெளிய போக வழி இல்லாம நிக்குது."

ஸ்டானியாவும் வந்தாள். போன வருஷத்து மீன் தட்டே இந்த வருஷமும். கதவைத் திறந்ததும் அப்படியே நின்று, மூலையைப் பார்த்து, மெழுகுவத்தி எரிகிறது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். "நல்லவேளை. ராத்திரியெல்லாம் அண்ணியை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள். தெசாங்காவுக்குக் கையிலிருந்த கரண்டியை என்ன செய்வது என்று ஒரு நொடி தெரியவில்லை. மீனைப் புரட்டினாள்.

நடுப்பகலுக்குள் அறை நிறைந்துவிட்டது. மேஜை நிறைய மீன், பீன்ஸ், ஊறுகாய், கோதுமை இனிப்பு. அடுப்பில் விறகு. புகை எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அடுத்தவர் இருமினார். விளக்கைச் சுற்றி ஒரு நீலப் படலம் நின்றது.

"விதோ, அடுப்பு இழுக்கல" என்றாள் தெசாங்கா.

"விறகு ஈரம்."

"விறகு போன வருஷத்து விறகு. அடுப்புக்கு காத்து வேணும்யா. எல்லா வழியையும் அடைச்சிட்டு, புகையை மேல போ, மேல போன்னா எங்க போகும்?"

"மீன் புகை அது. கொஞ்சம் கருகியிருக்கும்."

மீன் கருகியது என்ற சொல்லை அத்தனை விருந்தாளிகள் முன்னால் கேட்ட தெசாங்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு குவோஸ்தென் பக்கம் திரும்பி, "கூம், கதவைத் திற" என்றாள்.

விதோமிர் இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டார். குவோஸ்தென் முற்றத்துக் கதவைத் திறந்தார். காற்று உள்ளே வருவதற்குப் பதிலாக, உள்ளே இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் கோஷாவா அந்த வழியாக வெளியே உறிஞ்சியது. புகைபோக்கி தலைகீழாக வேலை செய்தது. அடுப்பு வாயிலிருந்து கரும்புகை பொங்கி வழிந்தது. "மூடு, மூடு!" என்று எல்லாரும் கத்தினார்கள். மூடிய பிறகு அறையில் ஒருவர் முகம் மற்றவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஆத்துப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாத்தான் சரிப்படும். காத்து வர்ற பக்கம் திறந்தா அடுப்பு இழுக்கும்" என்றார் குவோஸ்தென்.

"ஜன்னலைத் திறந்தா மெழுகுவத்தி போயிடும்" என்றார் விதோமிர்.

"அப்ப மெழுகுவத்தியை அந்த ரூமுக்குக் கொண்டு போ."

"ஏத்துன இடத்தை விட்டு நகர்த்துறதா? கூம், நீயா இப்படிப் பேசுற?" என்றாள் ஸ்டானியா இருமிக்கொண்டே. "அண்ணா, நகர்த்தாத. திறக்கவும் திறக்காத. கொஞ்சம் பொறுத்துக்கலாம்."

யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினால் இன்னும் புகையும் என்று வேறு யாரோ சொன்னார்கள். விதோமிர் அசையவில்லை. மூலையில் நிக்கோலாவின் படத்துக்குக் கீழே, குவித்த கைகளுக்குள் சுடரை வைத்துக்கொண்டு நின்றார். அக்டோபரிலிருந்து இந்த ஒரு நாளுக்காகச் சுரண்டி, பூசி, கட்டிலில் குழலோடு படுத்து, ஏணியில் ஆடிய மனுஷர். அவர் முகத்தைப் பார்த்த தெசாங்காவுக்கு, நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, திட்ட வார்த்தை வரவில்லை. வார்த்தை மட்டுமில்லை, மூச்சும் வரவில்லை. சமையலறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை தானாக நெஞ்சுக்குப் போனது.

விதோமிர் அதைப் பார்த்துவிட்டார்.

அந்தப் புகையில் எப்படிப் பார்த்தாரோ. சுடரிலிருந்து கையை எடுத்தார். ஜன்னலின் கொக்கியைத் திருப்பி இழுத்தார். வரவில்லை. ஜன்னல் பலகையில் ஒரு காலை முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தார். குளிரில் சிலிக்கான் மேலே தோல் கட்டியிருந்ததே தவிர உள்ளே இன்னும் காயவில்லை. பாலாடைக்கட்டி உருகி நூல் விடுவது போல வெள்ளை இழைகள் நீண்டன. அத்தனை நாள் உழைப்பும் ஒரே கிழியலில் பிய்ந்து அவர் சட்டையெல்லாம் ஒட்டியது. ஜன்னல் படாரென்று உள்ளே திறந்தது. கோஷாவா வந்தது.

மேஜைத் துணி எழுந்தது. காகிதக் கைக்குட்டைகள் பறந்தன. அடுப்பு ஓங்கி ஒரு மூச்சு இழுத்தது, புகை திரும்பி மேலே ஓட ஆரம்பித்தது. விதோமிர் அதற்குள் ஜன்னலுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார். ஆகஸ்டில்கூட ஒரு இடுக்குக்கு முதுகைக் காட்டாதவர், திறந்த ஜன்னலுக்கு முழு முதுகையும் கொடுத்து, குனிந்து, இரண்டு கைகளாலும் சுடரைப் பொத்திக்கொண்டு நின்றார். சுடர் படுத்தது, எழுந்தது, நீலமாகச் சிறுத்தது, ஆனால் எரிந்தது.  

தெசாங்கா நிலையை விட்டு நகர்ந்து, மேஜையைப் பிடித்து, நாற்காலிகளைப் பிடித்து, மெள்ள ஜன்னலுக்கு வந்தாள். காற்று நேராக முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே போனது. இன்னொன்று இழுத்தாள்.

"அங்க நிக்காத, தெசா" என்றார் விதோமிர் தலையைத் திருப்பாமல். "பிரொமாயா. நேரா கழுத்துல அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"சொன்னாக் கேளு. அந்தப் பக்கம் போ."

"இப்பத்தான்யா மூச்சு வருது. நான் நகர மாட்டேன். உன் மெழுகுவத்தியை நீ பாரு."

அவர் தலையைத் திருப்பினார். தெசாங்காவின் தலைத்துணி தோளுக்கு நழுவி, வெறும் கழுத்து காற்றில் நின்றது. தோல் புல்லரித்திருந்தது. உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

விதோமிர் நிமிர்ந்தார். சிலிக்கான் ஒட்டிய இரண்டு கைகளையும் சுடரை விட்டு எடுத்து, தன் கழுத்துத் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். பழைய முடிச்சு, லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பின்னால் ஸ்டானியா, "அண்ணா! மெழுகுவத்தி, அண்ணா!" என்று கத்தினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. துண்டை தெசாங்காவின் கழுத்தில் சுற்றி, காது மூட இழுத்துவிட்டார்.

"விடு, நல்லா மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே, முதல் முடிச்சைப் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தி, இரண்டாவது முடிச்சைப் போட்டார்.